முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, 2001 பிப்ரவரி 28-இல் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் கோலார் தங்கவயலில் பல வீடுகளில் உலை கொதிப்பது, விடியுமுன் மாரிக்குப்பம் ரயிலேறி பெங்களூரு போய் வருகிறவர்களால்தான். அந்தக் காசு ஒரு பொய் மெயிலால் போகக் கூடாது.

1. அனுப்பியவர் பெயரை நம்பாதீர்கள். போன்பே, பேடிஎம், பேபால் என்று யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுக்கொள்ளலாம். பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். முகவரியையும் போலியாகக் காட்ட முடியும். அது சரியாக இருப்பதாலேயே மெயில் உண்மையாகிவிடாது.

2. எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 2000-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் பேபால் பெயரின் கடைசி ‘எல்’ எழுத்துக்குப் பதில் ‘ஐ’ வைத்துப் போலித் தளம் நடத்தினார்கள். பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’ இரண்டும் கண்ணுக்கு ஒரே கோடுதான்.

3. இணைய முகவரியில் தளப் பெயரின் முடிவைப் பாருங்கள். தொடக்கத்தில் வங்கிப் பெயர் இருந்து முடிவு வேறாக இருந்தால், அது வேறு ஆளின் தளம். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். திருட்டுத் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும்.

4. அவசரப்படுத்தினால் நிதானியுங்கள். “கேஒய்சி காலாவதியானது, இன்றிரவு கணக்கு முடங்கும்” என்பதே திருடர்களின் ஆயுதம். 2024 ஜனவரி 31-இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு வந்ததுபோல் உண்மைச் செய்தி பரவும் நாட்களில், பொய் மெயிலும் நம்பும்படியாகவே இருக்கும்.

5. லிங்க்கைத் தொடாதீர்கள். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். பாறையைத் தட்டிப் பார்க்காமல் சுரங்கத்தில் அதன் அடியில் நிற்கமாட்டார்கள். நீங்களும் சோதிக்காமல் இறங்காதீர்கள். ஆப்பை நீங்களே திறந்தால், உண்மையான அறிவிப்பு அங்கேயும் இருக்கும். மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்குப் பேசுங்கள்.

6. பணம் பெற பின் தேவையில்லை. யுபிஐ பின் போட்டால் உங்கள் பணம் வெளியேதான் போகும். “ரீஃபண்ட் வந்திருக்கிறது, பின் போடுங்கள்” என்றால் அது திருட்டு. ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். மெயிலில் வரும் ஏபிகே கோப்பை நிறுவாதீர்கள்.

7. ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, நம் கவனக்குறைவால் போனது நம் நஷ்டம்; வங்கியிடம் புகார் சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

8. இது வீட்டுப் பெரியவர்களுக்கு. திட்டு விழும் என்ற பயத்திலேயே பிள்ளைகள் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். முதலில் 1930-க்குப் பேச வையுங்கள், தைரியம் சொல்லுங்கள். திருடியவன்தான் வெட்கப்பட வேண்டும், நம் பிள்ளை அல்ல.