குளிக்கும்போதே அணைகிறதா கேஸ் கீசர்?

தலை நிறைய ஷாம்பு நுரையோடு நிற்கும்போதுதான் தண்ணீர் சில்லென்று மாறும். மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இவற்றைப் பாருங்கள்.

1. அடியிலுள்ள 2 பெரிய பேட்டரிகளையும் ஒன்றாக மாற்றுங்கள். 'டிக் டிக்' சத்தம் மெலிந்தாலே சக்தி போதவில்லை. கேஸ் வால்வு திறந்திருப்பதும் பேட்டரியை நம்பித்தான்.

2. கேஸையும் தண்ணீரையும் அடைத்துவிட்டு, தண்ணீர் உள்ளே வரும் இணைப்பிலுள்ள சிறு வலையைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத் தண்ணீர் ஊர்களில் வெள்ளைப் பொருக்கு அடைத்துக்கொள்ளும். வரத்து குறைந்தால் கீசர் அணையும். எங்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

3. குளிக்கும் நேரத்தில் வேறு குழாயைத் திறக்காதீர்கள். அழுத்தம் குறையும்.

4. சரியாக 20 நிமிடத்தில் அணைந்தால் பழுதில்லை. பல மாடல்களில் அது பாதுகாப்பு டைமர். கதவைத் திறந்து காற்று வரவிட்ட பிறகே மறுபடி போடுங்கள்.

5. சுடர் மஞ்சளாக எரிந்தாலோ தலை சுற்றினாலோ உடனே அணைத்து வெளியே வாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, உயிரையே எடுக்கும். "சென்சார் வயரைத் துண்டித்தால் சரியாகிவிடும்" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்துக்குக் கீசரை மாற்றச் சொல்லுங்கள்.