செயற்கைத் தோல்

நம் உடலுறுப்புகளுள் மிகப் பெரியது யாது என வினவினால், பலர் விடை கூறத் தயங்குவர். உடல் முழுவதையும் போர்த்திருக்கும் தோலே அது. உள்ளிருக்கும் நீரைக் கசியவிடாமலும், புறத்தேயுள்ள நோய்க்கிருமிகளைப் புகவிடாமலும் இரவு பகலாகக் காத்து நிற்பது இத்தோலன்றோ! தீயினால் இக்காவல் பெரிதும் அழிந்துவிட்டால் உயிருக்கே இறுதி நேரலாம்.

புண் சிறிதாயின், நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து மருத்துவர் ஒட்டுவர். உடலிற் பாதிக்குமேல் வெந்தோர்க்கு அவ்வாறு எடுக்கத் தோல் ஏது? பிறர் தோலைப் பொருத்தினாலோ, சில வாரங்களில் உடல் அதனை அயற்பொருளென ஒதுக்கிவிடும்.

இவ்விடரை நீக்க, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜான் பர்க் என்பவரும், கிரேக்க நாட்டிற் பிறந்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு நடத்திய அயோனிஸ் யானஸ் என்பவரும் ஒன்றுகூடினர். புண்ணை விரைந்து மூடச்செய்யும் பொருளையே அவர்கள் முதலில் நாடினர். ஆனால், கினிப்பன்றிகளிடம் சோதித்தபோது, ஒரு பொருள் புண் சுருங்கி மூடுவதைத் தாமதப்படுத்தியது! வேறொருவராயின் தோல்வியென்று அதனை எறிந்திருப்பர். அவர்களோ கூர்ந்து நோக்கினர். புண் சுருங்கி மூடினால் தழும்பே எஞ்சும். கழுத்தையும் விரல்களையும் அது இழுத்து மடக்கிவிடும். சுருக்கம் தடைப்பட்ட இடத்திலோ புதிய உட்தோல் வளர்ந்திருந்தது.

மாட்டின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் என்னும் புரதத்தையும், சுறாமீனின் குருத்தெலும்பிலிருந்து பெற்ற ஒரு பொருளையும் சேர்த்து, நுண்துளைகள் நிறைந்த ஏடாக அவர்கள் அமைத்தனர். அதன்மேல் சிலிக்கோன் படலம் ஒன்றைப் பரப்பினர். இப்படலம் சிறிது காலம் மேற்றோலின் காவற்பணியைச் செய்யும். கட்டடத்திற்குச் சாரம் எவ்வாறோ, அவ்வாறே கீழுள்ள ஏடு உதவும். நோயாளியின் உயிரணுக்களும் குருதிக் குழல்களும் அதன் துளைகளிற் புகுந்து உட்தோலைக் கட்டும். சாரத்தைப் பிரிக்க ஆள் வேண்டியதில்லை; அது தானே கரைந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்குப்பின் சிலிக்கோனை உரித்து, நோயாளியின் மிக மெல்லிய மேற்றோலை அங்கே ஒட்டுவர். மெல்லியதாக எடுப்பதால், எடுத்த இடமும் விரைவில் ஆறும். அங்கிருந்தே மீண்டும் எடுக்கலாம்.

உடலிற் பாதியும் அதற்கு மேலும் வெந்த பத்துப் பேருக்கு இதனைப் பயன்படுத்திய செய்தி 1981ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1996இல் அமெரிக்க அரசு இதன் பயனுக்கு ஒப்புதல் அளித்தது. எனினும், இவ்வாறு வளரும் தோலில் வியர்வைச் சுரப்பிகள் தோன்றுவதில்லை. ஆதலின், உடலின் பெரும்பகுதி வெந்து உயிர் பிழைத்தோர் வெயிலில் நெடுநேரம் நிற்க மாட்டார். உடற்சூட்டைத் தணிக்க நிழலும் நீரும் நாட வேண்டியவராகவே உள்ளனர்.