இளங்கன்றுக்கு எந்தப் புல், எந்தத் தீவனம்?

லயத்துப் பக்கத்தில் மாட்டுப் பட்டி வைத்திருக்கும் வீடுகளில் நாம் அடிக்கடி காண்பது இது. பசு நன்றாகப் பால் கறக்கும். கன்று மட்டும் எலும்பும் தோலுமாய், வயிறு பானை மாதிரி ஊதிப்போய் நிற்கும். கேட்டால், "புல்லு நெறயத்தானே போடுறோம்" என்பார்கள். அங்கேதான் பிசகு.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. அதில் பெரிய அறையில்தான் புல் ஊறிச் செரிக்கிறது. பிறந்த கன்றுக்கு அந்த அறை இன்னும் வேலைக்கு வரவில்லை. பாலை எல்லாம் விற்றுப்போட்டு, புல்லும் அரிசிக் கஞ்சியும் கொடுத்தால் வயிறு நிரம்புமே தவிர உடம்பு தேறாது. கஞ்சியால் கழிச்சலும் வரும்.

ஆகவே முதலில் பால். கன்று விழுந்த 6 மணித்தியாலத்துக்குள் சீம்பால் வயிறாரக் குடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதன் பிறகு கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால். 30 கிலோ கன்று என்றால் நாளைக்கு 3 லீற்றர், காலையும் மாலையுமாகப் பிரித்து. மூன்று லீற்றர் பாலின் காசு நம் வீடுகளில் சின்னக் காசு அல்ல, தெரியும். ஆனால் நன்றாக வளர்ந்த கிடாரி இரண்டரை வயதளவில் கன்று போடும். வாடிய கிடாரி அதற்குப் பிறகும் சும்மா தின்றுகொண்டு நிற்கும்.

இரண்டாவது கிழமையிலிருந்து கன்றுத் தீவனம் காட்டுங்கள். பால் குடித்து முடிந்ததும் ஒரு பிடி எடுத்து வாயில் தடவிவிட்டால் பழகிக்கொள்ளும். அந்தப் பெரிய அறையை முதிரப் பண்ணுவது இந்தத் தானியத் தீவனம்தான். மூட்டையில் புரதம் 18 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பெரிய மாட்டுத் தீவனத்தைப் பகிர்ந்து கொடுக்க வேண்டாம். சிலவற்றில் யூரியா சேர்ந்திருக்கும், கன்றுக்கு அது நஞ்சு. தேங்காய்ப் புண்ணாக்கு மட்டும் போதாது. நம் மலைப் பனிக்குப் புண்ணாக்கு சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். மணம் மாறினால் பசுவுக்கும் போடாதீர்கள்.

புல்லில் இளசான, இலை மிகுந்த புல்லே கன்றுக்கு. கிக்கியுப் புல் நல்லது. குவாத்தமாலாவின் தடித்த தண்டு தாய்ப் பசுவுக்குப் போகட்டும். மழையில் வெட்டிய புல்லை ஓர் அரை நாள் உலர்த்திப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். தேயிலை மலையில் களைமருந்து அடித்த இடத்துப் புல்லை அறுக்காதீர்கள். எந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தது என்று கங்காணியிடம் கேட்டுவிட்டே அரிவாளை எடுங்கள். பசளை வந்த யூரியாச் சாக்கில் புல் கட்டி வருவதும் தீவனம் போட்டு வைப்பதும் கூடாது. சாக்கின் மூலையில் ஒட்டியிருக்கும் பசளையைக் கன்று நக்கினாலே ஆபத்து.

சுத்தமான தண்ணீர் எந்நேரமும் வாளியில் இருக்கட்டும். மூன்று நாள் தொடர்ந்து ஒரு கிலோ தீவனம் தின்றால் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். இடையில் கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தாமல் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து, அன்றைக்கே மிருக வைத்தியருக்குச் சொல்லி அனுப்புங்கள்.