பேட்டரி வால்வு ரேடியோவைக் கரண்டில் பாட வைக்கலாமா?

கேள்வி: தாத்தா காலத்து ரேடியோ ஒன்று பரணில் கிடந்தது. ஊருக்குக் கரண்ட் வராத நாளில் பேட்டரி போட்டுக் கேட்டார்களாம். 90 வோல்ட், 1.5 வோல்ட் என்று இரண்டு பேட்டரி இணைப்புகள் இருக்கின்றன. உள்ளே டி.கே.96, டி.எஃப்.96, டி.ஏ.எஃப்.96, டி.எல்.96 என நான்கு சின்ன வால்வுகள். அந்த 90 வோல்ட் பேட்டரி இப்போது எந்தக் கடையிலும் இல்லை. செல்போன் சார்ஜரும் ஒரு பூஸ்டர் போர்டும் போதும் என்கிறார் தெரிந்த மெக்கானிக் ஒருவர். செய்யலாமா? சாயங்காலமானால் எங்கள் தெருவில் வோல்டேஜ் வேறு ஏறி இறங்குகிறது.
- வாசகர், சூளூர்பேட்டை

பதில்: சார்ஜரும் வேண்டாம், பூஸ்டரும் வேண்டாம். இரண்டும் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன், ஆஃப் ஆகி வேலை செய்கிறவை. அந்தத் துடிப்பின் எதிரொலிகள் மத்திய அலை முழுக்கப் பரவும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸைத் தேடினால் உங்கள் சார்ஜரின் 'கிர்ர்' சத்தம்தான் முதலில் கேட்கும். இந்த ரேடியோவுக்கு இரும்புக் கோர் வைத்த பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர்தான் சரி.

ஆனால் இரைச்சலைவிட எனக்குப் பெரிய கவலை ஃபிலமென்ட்தான். கரண்டில் ஓடும் வால்வுகளில் சூடேற்றும் கம்பி தனி, எலெக்ட்ரான் விடும் கேத்தோடு தனி. உங்கள் வால்வுகளில் அந்த மெல்லிய கம்பியே கேத்தோடு. அதனால் ஏ.சி. கொடுத்தால் ஹம் வரும். வோல்டேஜ் கூடினால் கம்பியே போய்விடும். முதல் மூன்று வால்வுகளும் 1.4 வோல்ட்டில் ஆளுக்கு 25 மில்லிஆம்பியர், டி.எல்.96 மட்டும் 50. மொத்தம் 125 மில்லிஆம்பியர்தான். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் காலமெல்லாம் போயே போய்விட்டது. இன்று ஒரு வால்வு கருகினால் பழைய சரக்கில்தான் தேட வேண்டும். ஆகவே, பவர் சப்ளை ஒருநாள் கெட்டாலும் வால்வு பிழைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டுங்கள்.

முதலில் 1.4 வோல்ட். 6 வோல்ட், 500 மில்லிஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கன்டென்சர், அதன்பின் எல்.எம்.317. இந்த ஐ.சி.யின் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே 240 ஓம். அட்ஜஸ்ட் காலிலிருந்து நெகட்டிவுக்கு எல்லோரும் பிரீசெட் வைப்பார்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். பிரீசெட்டின் நடுமுனை தூசியாலோ துருவாலோ ஒரு நொடி விட்டுப்போனால், உள்ளே வருகிற ஏழெட்டு வோல்ட்டும் அப்படியே வெளியே பாயும். நான்கு வால்வும் ஒரே நேரத்தில் போகும். புலிக்காட்டு ஏரியின் உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இது வெறும் பயம் இல்லை. பதிலுக்கு இரண்டு 56 ஓம் ரெசிஸ்டன்ஸ்களைப் பக்கவாட்டில் சேர்த்துப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து 28 ஓம், அவுட்புட் 1.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஒன்று விட்டுப்போனாலும் 1.54 வோல்ட்டைத் தாண்டாது. புது டார்ச் செல் கொடுக்கிற அளவுதான் அது.

வால்வுகளை மாட்டுவதற்கு முன்னால், 12 ஓம் அரை வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை அவுட்புட்டில் கட்டி அளந்து பாருங்கள். வால்வுகள் இழுக்கும் கரண்டை ஏறக்குறைய அதுவும் இழுக்கும்.

இனி 90 வோல்ட். இதற்கென்று டிரான்ஸ்ஃபார்மர் சுற்றத் தர வேண்டியதில்லை. ஒரே மாதிரி 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு வாங்குங்கள், 500 மில்லிஆம்பியர் போதும். முதலாவதன் 0-12 முனைகளில் கிடைக்கும் 12 வோல்ட்டை இரண்டாவதன் இரு ஓரங்களிலும், அதாவது 24 வோல்ட் சுற்று முழுவதற்கும், கொடுங்கள். அதன் 230 வோல்ட் பக்கத்தில் இழப்பு போக சுமார் 100 வோல்ட் வரும். பிரிட்ஜுக்கு நான்கு 1என்4007, பின்னால் 47 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் கன்டென்சர், டி.சி. 135 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கன்டென்சர் மேல் 220 கிலோஓம் ஒன்றைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆஃப் செய்த பிறகும் கன்டென்சரில் தேங்கி நிற்கிற சார்ஜ் கையை உதறவைக்கும்.

கன்டென்சரிலிருந்து 1 கிலோஓம் 1 வாட் வழியாக எம்.ஜே.இ.340 டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. பேஸில் 30 வோல்ட் ஜீனர் மூன்று வரிசையாக. அவற்றுக்கு 22 கிலோஓம் மூலம் சப்ளை. எமிட்டரில் 89 வோல்ட் சொச்சம் கிடைக்கும். சின்ன ஹீட் சிங்க் போதும். சாயங்காலம் லைன் 190-க்கு இறங்கினாலும் இது அசையாது. அந்த 1 கிலோஓமுக்கு இன்னொரு பயனும் உண்டு: அதன் மேல் எத்தனை வோல்ட் விழுகிறதோ அத்தனை மில்லிஆம்பியரை ரேடியோ இழுக்கிறது. 10-ஐ ஒட்டி இருந்தால் நலம். 20 காட்டினால் உடனே அணைத்துவிட்டு, டி.எல்.96-இன் கிரிட்டுக்கு வரும் பேப்பர் கன்டென்சரை மாற்றுங்கள். கசிகிற கன்டென்சர்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். வெளியே போகிற 90 வோல்ட் ஒயரில் 50 மில்லிஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

ஒரு விஷயத்தில் பலர் இடறுகிறார்கள். இரண்டு சப்ளைக்கும் நெகட்டிவ் ஒன்றுதானே என்று பெட்டிக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள். பல பேட்டரி செட்களில் 90 வோல்ட்டின் நெகட்டிவ், ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகும். டி.எல்.96-க்கு வேண்டிய கிரிட் பயாஸ் அங்கேதான் உண்டாகிறது. நெகட்டிவ்களைச் சேர்த்தால் பயாஸ் போய்விடும்; சத்தம் கரகரக்கும், வால்வும் தேயும். நான்கு ஒயரும் தனித்தனியாகவே வெளியே வரட்டும். 90 வோல்ட்டுக்கும் 1.4 வோல்ட்டுக்கும் ஒன்றில் மற்றொன்று நுழையாத வெவ்வேறு பிளக்குகளாக வையுங்கள். பேட்டரிக் காலத்திலேயே இரண்டையும் மாற்றிச் செருகி எல்லா வால்வையும் ஒரே கணத்தில் இழந்த வீடுகள் உண்டு.

வால்வு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க டிஜிட்டல் மீட்டரையே பயன்படுத்துங்கள். பழைய முள் மீட்டரில் குறைந்த ஓம் ரேஞ்ச் விடுகிற கரண்ட் இந்த 25 மில்லிஆம்பியர் கம்பிக்கு ஆகாது. முதல் மூன்று வால்வுகளில் 1, 7 பின்களுக்கு இடையே பாருங்கள். டி.எல்.96-இல் 5-இலிருந்து 1-க்கும், 5-இலிருந்து 7-க்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பின்களையும் சாக்கெட்டையும் கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள். பிளக்கில் துருவினால் ஒரே ஒரு ஓம் கூடினாலும் 1.4 வோல்ட்டில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு குறைந்து, சத்தம் மங்கிவிடும். இன்னொன்று, இந்த வால்வுகள் வெளிச்சம் காட்டாது. எரியவில்லையே என்று வோல்ட்டை ஏற்றிவிடாதீர்கள்.

சாமான்களுக்குச் சென்னைக்கு ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போகலாம். எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியை மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு இணையுங்கள். ரேடியோவுக்குப் பத்து மீட்டர் ஏரியல் கம்பியை மின்கம்பத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். அதன்பிறகும் ஹம் இருந்தால் பெட்டியை ரேடியோவிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால், 1 கிலோஓம் மேல் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்பதைக் குறித்து மறுபடி எழுதுங்கள்.