நிறக் குறியீடுகள்: முக்கியக் குறிப்புகள்

வரையறை
• நிறக் குறியீடு: உடையின் நிறம், அணியும் இடம் ஆகியவற்றால் அறிந்தவருக்கு மட்டும் விளங்கும் செய்தி.
• பயன்படுத்தியோர்: தன்பாலீர்ப்பு ஆண்கள்.
• காரணம்: சட்டத் தண்டனை, வேலையிழப்பு, காவல்துறைக் கெடுபிடி.
• முதன்மை இயல்பு: மறுக்க இடமிருத்தல். கேட்டால் பூ வெறும் பூ, டை வெறும் டை.

பச்சைக் கார்னேஷன்
• இடம், நாள்: லண்டன், செயின்ட் ஜேம்ஸ் அரங்கம், 20-2-1892.
• நிகழ்வு: ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ நாடகத்தின் முதல் காட்சி. ஆசிரியர் ஆஸ்கார் வைல்டு.
• அணிந்தோர்: வைல்டின் நண்பர்கள் சிலர், மேடையில் ஒரு நடிகர். இடம்: கோட்டுப் பொத்தான் துளை.
• தயாரிப்பு: வெள்ளைப் பூவின் காம்பைச் சாயநீரில் நிறுத்துதல். இப்பூவுக்கு இயற்கையில் இல்லாத நிறம் என்பதே சிறப்பு.
• ‘தி கிரீன் கார்னேஷன்’ நாவல் (1894): பெயரின்றி வெளியீடு. ஆசிரியர் ராபர்ட் ஹிச்சன்ஸ், வைல்டு அல்ல. அடிக்கடி தவறும் இடம்.
• வைல்டுக்குத் தண்டனை: 25-5-1895, 2 ஆண்டு கடுங்காவல். சட்டம்: குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம், 1885, பிரிவு 11 (லபூஷேர் திருத்தம்).

சிவப்பு டை
• களம்: நியூயார்க், பிலடெல்பியா, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.
• பதிவு செய்தவர்: ஹேவ்லாக் எல்லிஸ், ஆங்கிலேயப் பாலியல் ஆய்வாளர்.
• ஓவியச் சான்று: பால் காட்மஸின் ‘தி ஃப்ளீட்ஸ் இன்!’ (1934). கரையிறங்கிய மாலுமிகள் கூட்டம். ஓரத்தில் சிவப்பு டை அணிந்த ஒருவர் கடற்படை வீரருக்குச் சிகரெட் நீட்டும் காட்சி.
• விளைவு: கடற்படையின் எதிர்ப்பு, வாஷிங்டன் கார்கோரன் கலைக்கூடக் காட்சியிலிருந்து நீக்கம்.

கைக்குட்டைக் குறியீடு
• காலம்: 1970-கள். நகரங்கள்: சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க்.
• முன்னோடி: இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து. இடப்பக்கமா, வலப்பக்கமா என்பதை மட்டுமே காட்டியது. நிறம் பின்னர்ச் சேர்ந்தது.
• பொருள்: மடித்த கட்டம்போட்ட அல்லது பூவேலைக் கைக்குட்டை, ஜீன்ஸின் பின்பையில் பாதி வெளியே தெரியும்படி.
• இடப் பை: முன்னின்று செய்பவர். வலப் பை: ஏற்பவர்.
• நிறம்: விருப்பத்தின் வகை. கறுப்பு: வலி சார்ந்த விருப்பம். இளநீலம், கருநீலம் வெவ்வேறு பொருள். மங்கலான விளக்கொளியில் பிரித்தறிவது கடினம் என்பதே இம்முறையின் பெருங்குறை.
• பட்டியல்கள் ஊருக்கு ஊர் மாறுபாடு. ஒரே அதிகாரபூர்வப் பட்டியல் இல்லை.
• தோற்றம்: கலிபோர்னியத் தங்க வேட்டைக்கால ஆண்கள் நடனம், பத்திரிகை நகைச்சுவை, கடையில் தேங்கிய கைக்குட்டைகள் எனக் கதைகள் பல. எதுவும் உறுதியில்லை. ‘தோற்றுவித்தவர் யார்’ என்ற வினாவே தவறான வினா.
• முதன்மை ஆவணம்: ஹால் ஃபிஷரின் ‘கே செமியாட்டிக்ஸ்’ (1977), படங்களுடன் விளக்க உரை. சிவப்புக் கைக்குட்டை மூக்கடைப்புக்காகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை அதிலேயே உண்டு.
• திரைப்படம்: ‘க்ரூஸிங்’ (1980), இயக்கம் வில்லியம் ஃபிரீட்கின். அல் பசினோவுக்குக் கடைக்காரர் நிறங்களை விளக்கும் காட்சி.

இளஞ்சிவப்பு முக்கோணம்
• மேற்கண்ட மூன்றிலிருந்தும் வேறு: அணிபவர் தேர்ந்ததன்று; அரசு திணித்தது. ஒரே பட்டியலில் சேர்ப்பது பிழை.
• இடம்: நாஜி வதைமுகாம்கள். தன்பாலீர்ப்பு ஆண் கைதிகளின் சட்டையில், இடப்பக்க மார்பில், முனை கீழ்நோக்கி.
• பிற முக்கோணங்கள்: சிவப்பு – அரசியல் கைதிகள்; பச்சை – குற்றவாளிகள்; கறுப்பு – ‘சமூகவிரோதிகள்’; ஊதா – யெகோவாவின் சாட்சிகள்.
• சட்டம்: ஜெர்மன் தண்டனைச் சட்டம், பத்தி 175 (1871). கடுமையாக்கம்: 1935.
• மீட்டெடுப்பு: எய்ட்ஸ் போராட்டத்தின் ‘சைலன்ஸ் = டெத்’ சுவரொட்டி, நியூயார்க், 1987. முனை மேல்நோக்கி, திசையைக் கவனிக்க.
• பத்தி 175 முழு நீக்கம்: 1994. நாஜிக் காலத் தீர்ப்புகள் ரத்து: 2002. போருக்குப் பிந்தைய தீர்ப்புகள் ரத்து: 2017.