பச்சையவுருமணி எப்போதும் ஒரே மாதிரி இருக்குமா?

பச்சையவுருமணியின் படத்தை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். மென்சவ்வுகள், மணியுரு, பஞ்சணை என்று பெயரிட்டுப் புள்ளிகளும் பெற்றிருக்கிறேன். எல்லாக் கலங்களிலும் எந்நாளும் அது அப்படியேதான் இருக்கும் என நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை மாற்றியது ஒரு போத்தல் பச்சைத் தண்ணீர்.

விஞ்ஞானக் கண்காட்சிக்காக வீட்டுத் தொட்டி நீரைப் போத்தலில் எடுத்து யன்னலோரம் வைத்தேன். மூன்று வாரங்களில் அது மஞ்சளாகிவிட்டது. "அது செத்துப் போயிருக்கும் மகள், கொட்டிடுங்க" என்றார் உம்மா. கண்காட்சிக்கு இரண்டு வாரங்களே இருந்தன. அழுகை வந்தது. ஆசிரியையோ, "முதலில் பாருங்கள், பிறகு கொட்டலாம்" என்றார்.

நுணுக்குக்காட்டியில் அல்காக் கலங்கள் உடையாமல் இருந்தன. அயடீன் இட்டதும் அவற்றினுள்ளே கருநீலம் தோன்றியது. அது மாப்பொருள்! நீரை இரண்டு போத்தல்களாகப் பிரித்தேன். ஒன்றில் மட்டும் சில மணி யூரியா இட்டேன். ஒரு வாரத்தில் அது மீண்டும் பச்சையானது. மற்றையது மஞ்சளாகவே இருந்தது.

காரணம் நைதரசன். ஒரு பச்சைய மூலக்கூறில் 4 நைதரசன் அணுக்கள் உள்ளன. பச்சையத்தைத் தாங்கும் புரதங்களுக்கும் நைதரசன் தேவை. அது தீர்ந்தால் கலப்பிரிவு நின்றுவிடும். தைலக்கொயிட்டு மென்சவ்வுகளும் பச்சையமும் குறையும். ஆனால் ஒளி தொடர்ந்து கிடைப்பதால், பதிக்கப்படும் காபன் மாப்பொருளாகவும் எண்ணெய்த் துளிகளாகவும் சேரும். என் போத்தல் சாகவில்லை, பட்டினி கிடந்தது.

எங்கள் நுணுக்குக்காட்டியில் தைலக்கொயிட்டுகள் தெரியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டியால் கிளமிடோமோனசு என்னும் ஒருகலப் பச்சை அல்காவில் அவை நன்கு ஆராயப்பட்டுள்ளன. அதில் கிண்ண வடிவான ஒரேயொரு பச்சையவுருமணி உண்டு. அதனுள்ளே பைரனொயிட்டு எனும் உருண்டையான பகுதியில் ருபிஸ்கோ நொதியம் செறிந்திருக்கும்.

காபனீரொட்சைட்டு: ருபிஸ்கோ ஒட்சிசனுடனும் தாக்கமடையும். எனவே காபனீரொட்சைட்டு குறைந்தால், கலம் அதைப் பைரனொயிட்டினுள் செறிவாக்குகிறது. அதிகமான ருபிஸ்கோ அங்கே திரள்கிறது. சுற்றிலும் மாப்பொருள் உறை உருவாகிறது. காபனீரொட்சைட்டு தாராளமாகக் கிடைத்தால் அந்த உறை தேவைப்படாது. மாப்பொருள் பஞ்சணையில் தங்கும்.

ஒளி: மங்கிய ஒளியில் பச்சையம் கூடும், கடும் ஒளியில் குறையும். சாதாரண கிளமிடோமோனசு இருளிலும் பச்சையமாக்கும். வை-1 என்ற விகாரியோ இருளில் அசற்றேற்றை உண்டு வளரும்போது பச்சையத்தையும் பெரும்பாலான மென்சவ்வுகளையும் இழக்கும். ஒளியில் வைத்தால் சில மணித்தியாலங்களில் அவற்றை மீண்டும் கட்டும்.

உப்பு: உப்பளங்களில் வாழும் துனலியெல்லா சலைனா, உப்பு மிகுந்து ஒளியும் கடுமையானால், பச்சையவுருமணியினுள்ளே பீற்றா கரோட்டீன் துளிகளைச் சேர்த்துச் செம்மஞ்சளாகும். இதுவும் பச்சை அல்காதான்!

தோழிகளே, பாடநூலின் படம் பிழையல்ல. அது ஒரு நிலையைக் காட்டும் படம். பரிசோதனை செய்யும்போது போத்தலில் திகதியும் நிபந்தனையும் எழுதுங்கள். ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுப் போத்தலும் வையுங்கள். கண்காட்சியில் என் இரு போத்தல்களையும் அருகருகே வைத்தேன். பார்க்க வந்த உம்மா மஞ்சள் போத்தலைக் காட்டிக் கேட்டார்: "இதுக்கும் கொஞ்சம் பசளை போடலாமே மகள்?"