விடை பொருந்துமா?



பல படிகள் கொண்ட வாக்கியக் கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் பிழையின்றி அமைந்தும் விடை தவறாவதுண்டு. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையையே எடுத்துக்கொள்வதால், கணக்கின் பொருளை ஓரிடத்தில் பிறழ உணர்ந்தால் அப்பிழை இறுதிவரை தொடர்கிறது.

கண்ணமங்கலம், ஆரணி வட்டாரத் தறிகளுக்கு ஏற்ற கணக்கு ஒன்றைக் கொள்க. கச்சாப் பட்டிழையில் செரிசின் என்னும் இயற்கைப் பசை உண்டு. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதை நீக்கும்போது இழையின் எடை ஏறத்தாழக் கால் பங்கு வரை குறைகிறது. 12 கிலோ கச்சாப் பட்டு இவ்வாறு கால் பங்கை இழந்தால், புடவைக்கு 600 கிராம் வீதம் எத்தனை புடவை நெய்யலாம்? ஒரு தறியில் ஒரு புடவைக்கு 4 நாள் ஆனால், 3 தறிகளில் எத்தனை நாளில் வேலை முடியும்?

கணக்கிடத் தொடங்குமுன் விடைக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்துக்கொள்வது முதற்சோதனை. எடையே குறையாவிட்டாலும் 20 புடவைக்கு மேல் வராது. பாதி எடை போனாலும் 10 புடவை வரும். எனவே, கால் பங்கைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டி, 15 கிலோவை 600 கிராமால் வகுத்துப் பெற்ற 25 என்னும் விடையும், இழந்த 3 கிலோவையே எஞ்சியதாகக் கொண்டு பெற்ற 5 என்னும் விடையும் உடனே விலகும். எஞ்சும் 9 கிலோவைக் கிராமாக்காமல் 600ஆல் வகுத்தவருக்கு ஒரு புடவைகூடத் தேறாது. அலகு மாறியதை அதுவே காட்டிவிடும். சரியான விடையான 15 புடவைக்கு ஒரு தறியில் 60 நாள் எனில், தறி கூடக் கூட நாள் குறைய வேண்டும்; 180 நாள் என்று எழுதியவர் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறார்.

எல்லைக்குள் அடங்குவதாலேயே விடை சரியாகிவிடாது. 14 என்னும் விடையும் அடங்கும். அதைப் பிடிப்பது தலைகீழ்ச் சோதனை: பெருக்கலுக்கு வகுத்தலும் கூட்டலுக்குக் கழித்தலும் வைத்துப் பின்னோக்கிச் செல்லும் இம்முறை, பொ.ஆ. 499இல் எழுந்த ஆரியபட்டீயத்திலேயே சொல்லப்பட்டுள்ளது. 15 புடவைக்கு 9,000 கிராம். அது 12 கிலோவில் முக்கால் பங்கு. கணக்கு நேராகிறது.

ஆனால், 25ஐ 600ஆல் பெருக்கினாலும் பழுதின்றி 15 கிலோ வரும். தலைகீழ்ச் சோதனை கைப்பிழையைக் காட்டும். பொருளைப் பிறழ உணர்ந்ததைக் காட்ட எல்லைச் சோதனையே வேண்டும். ஆகவே இரு எல்லைகளையும் அலகுடன் ஓரத்தில் குறித்த பின்னரே முதற்படியைத் தொடங்குவது நன்று. விடை கிடைத்தபின் எல்லையைத் தேடினால், கிடைத்த விடைக்கேற்ப எல்லையை நகர்த்த மனம் துணிந்துவிடும்.